கர்னல் மெக்கன்சியும் திருக்கோயில் வரலாறுகளும்

திருமழபாடித் திருக்கோயிலின் கல்வெட்டொன்று, திருப்பணி செய்வார் அனைவரும் அறிந்திருக்கத்தக்க செய்தியைத் தாங்கி நிற்கின்றது. முதலாம் இராசராச சோழன் தனது 28ஆம் ஆட்சியாண்டில், அக்கோயிலின் பழைய ஸ்ரீவிமானத்தை இறக்கிப் புதிதாக எடுப்பிக்க ஆணையிட்டான். இறக்குமுன், அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுக்களை எல்லாம் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளும்படியும் கட்டளை பிறந்தது. அவன் மைந்தன் இராசேந்திரனது 14ஆம் ஆட்சியாண்டில், அப்படியெடுத்து வைத்தவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. கல்லை மாற்றினும் சொல்லை மாற்றாத அவ்வுள்ளம் பிற்காலத்துத் திருப்பணிகள் எல்லாவற்றிலும் இருந்திருக்குமாயின், இன்று கோயில் வரலாறு எழுதுவார்க்கு இத்துணை இடர்ப்பாடு நேர்ந்திராது. படி எடுக்காமல் பிரித்த மண்டபங்களும், எழுத்துப் பக்கம் உள்ளே போகக் கட்டிய மதில்களும், படித்துறையில் தேய்ந்துபோன சாசனக் கற்களும் எத்தனையோ உள.

இவ்வாறு அழியவிருந்தவற்றுள் ஒரு பெரும்பகுதியை ஏட்டிலும் தாளிலும் படியெடுத்து நிறுத்தியவர், கோயிலுக்கு உரியவரும் அல்லர்; தமிழறிந்தவரும் அல்லர்; கப்பலேறி வந்த ஓர் ஆங்கிலக் கும்பினிப் படைவீரர். கர்னல் காலின் மெக்கன்சி என்பது அவர் பெயர். சுவடி ஆராய்வோர் நாவில் 'மெக்கன்சி சுவடிகள்' என்ற தொடர் நாள்தோறும் வழங்குகின்றது. எனினும் அவர் எக்குடியிற் பிறந்தார், எப்போர்களிற் புகுந்தார், எவர் துணையால் இத்தொண்டு முடித்தார் என்பன பலரும் அறியாதன.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடலிடையே கிடக்கும் தீவுகளுள் ஒன்று லூயிஸ். காற்றும் மழையும் மிக்க அத்தீவின் துறைமுகப்பட்டினமான ஸ்டோர்னோவேயில் 1754ஆம் ஆண்டில் மெக்கன்சி பிறந்தார். தந்தையார் முர்டோக் மெக்கன்சி ஒரு வணிகர். அவ்வூரின் முதல் அஞ்சலதிகாரியும் அவரே. அந்நாட்டு மக்கள் குலங்குலமாக வாழ்ந்தவர்கள். கொங்குநாட்டில் ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் ஒரு காணியூரும் ஒரு குலதெய்வமும் உரியவாதல் போல, அங்கும் ஒவ்வொரு குலத்திற்கும் உரிய நிலமும் தலைவனும் உண்டு. லூயிஸ் தீவு முன்னர் மக்லவுட் குலத்தார்க்கு உரியதாய் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்கன்சி குலத்தார் கைக்கு வந்தது. அக்குலத் தலைவர்கள் சீபோர்த் பிரபுக்கள் எனப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசை எதிர்த்துக் கிளர்ந்தமையால் அவர்கள் பட்டமும் நிலமும் இழந்தனர். பின்னர் அரசர்க்கு உதவி செய்து மீண்டும் பெற்றனர். கென்னத் மெக்கன்சி என்னும் சீபோர்த் பிரபு 1778இல் தம் குலத்து இளைஞரைத் திரட்டி ஒரு காலாட்படையே அமைத்தார். அதனுடன் இந்தியா நோக்கி வரும் வழியில் 1781இல் கடலிலேயே உயிர்நீத்தார். விளைநிலம் குறைந்த தீவில் பிறந்தார்க்குப் படைத்தொழிலே பிழைக்கும் வழியாயிற்று என்பதற்கு அக்குடியின் கதை சான்றாகும்.

காலின் மெக்கன்சி முதலில் தம்மூரிலேயே சுங்கத்துறையில் அலுவல் பார்த்தார். கணிதத்தில் அவர்க்கிருந்த நாட்டமே அவரை வேறு திசையில் ஈர்த்தது. மடக்கைக் கணக்கைக் கண்டறிந்த ஜான் நேப்பியரின் வழித்தோன்றலாகிய பிரான்சிஸ் நேப்பியர் பிரபு, தம் முன்னோரின் வாழ்க்கை வரலாற்றை எழுத முனைந்து, அப்பணிக்கு இளைஞரான மெக்கன்சியைத் துணைக்கொண்டார். இந்துக்களின் பழைய கணிதத்தில் மடக்கைக்கு நிகரானது உண்டோ என்னும் வினா அவ்வேலையில் எழுந்தது. 1773இல் நேப்பியர் பிரபு காலமானார், நூல் நின்றது, வினா மட்டும் மெக்கன்சியின் உள்ளத்தில் நின்றுவிட்டது. சீபோர்த் பிரபுவின் செல்வாக்கால் கும்பினிப் படையில் இடம் பெற்று, 1783ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் சென்னையில் வந்திறங்கினார். பிறந்த தீவை அதன்பின் அவர் காணவே இல்லை.

நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர் அம்மையார் அப்பொழுது தம் கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனுடன் மதுரையில் வாழ்ந்து வந்தார். தந்தையார் விட்டுப்போன ஆராய்ச்சியை முடிக்க விரும்பிய அவ்வம்மையார், மெக்கன்சியை மதுரைக்கு வருவித்து, ஆங்கிருந்த அந்தண அறிஞர் சிலரோடு உரையாடச் செய்தார். இந்துக்களின் கணிதத்தைக் கேட்க வந்தவர், இந்நாட்டின் மன்னர், கோயில், சமயம், மொழி ஆகிய அனைத்தையும் அறியவேண்டும் என்னும் வேட்கை கொண்டு மீண்டார். ஆலவாய் அண்ணலின் திருநகரில் அவ்வித்து விழுந்தது என்பதைச் சைவ அன்பர்கள் மகிழ்ச்சியோடு நினைவுகொள்ளலாம். அவ்வம்மையாரின் மைந்தர் அலெக்சாந்தர் ஜான்ஸ்டன் பிற்காலத்தில் இலங்கையின் தலைமை நீதிபதியாயினார். மெக்கன்சி தம் வாழ்க்கைச் செய்திகளை 1817இல் கடிதமாக வரைந்தது அவருக்கே.

ஆயின் வித்து முளைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. கோயம்புத்தூர், திண்டுக்கல் பகுதிகளில் முதலில் பணி. 1786இல் காலாட்படையினின்றும் பொறியியற்படைக்கு மாற்றம். 1790 முதல் 1792 வரை திப்பு சுல்தானுக்கு எதிரான மைசூர்ப் போர். 1793இல் புதுச்சேரி முற்றுகை. 1795-96இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையைக் கைப்பற்றிய போர். கோட்டைச் சுவரை உடைப்பதும், பாலமிடுவதும், பதுங்குகுழி வெட்டுவதும், வழியளந்து படம் வரைவதுமே அவர் தொழில். கீழ்நிலைப் படைத்தலைவனாய் ஓரிடத்தும் நிலையாக இராமல் அலைந்த அக்காலத்தில், நாட்டின் அறிவைத் தேடப் பொழுதும் பொருளும் வாய்க்கவில்லை என்று பின்னர் அவரே வருந்தியிருக்கின்றார்.

இடையில் ஒரு நற்பேறு வாய்த்தது. 1794இல், ஐதராபாத்து நிசாமின் நாட்டில் அளவைப்பணி செய்துவந்தபோது, நல்லமலைக் காடுகளைக் கடந்து ஸ்ரீசைலத்திற்குச் சென்றார். அன்பர்கள் அறிந்தவாறே, தேவார மூவரும் பாடிய திருப்பருப்பதம் என்னும் திருத்தலம் இதுவே. ஞானசம்பந்தப் பிள்ளையாரும் நம்பியாரூரரும் திருக்காளத்தியில் இருந்தபடியே இத்தலத்தைப் பாடினர் எனப் பெரியபுராணம் கூறும். அத்துணை அரியது அவ்வழி. அதனை மெக்கன்சி நடந்து கண்டார். 'பெர்வுத்தம்' என்று அவர் எழுதியது 'பர்வதம்' என்னும் சொல்லின் திரிபு. யானையும் குதிரையும் வேட்டையும் புராணக் கதைகளும் வரிவரியாகச் செதுக்கிய அத்திருமதிலைக் கண்டு வியந்து விரிவாக எழுதினார். சந்திரகுப்தன் என்னும் மன்னனின் மகள் சந்திராவதி மலையில் வந்து தங்கிப் பெருமானை வழிபட்ட தலவரலாற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். இக்கட்டுரை 1798இல், கல்கத்தாவில் இருந்த ஆசியவியற் சங்கத்தின் ஆராய்ச்சித் தொகுதியில் வெளிவந்தது. வெளிநாட்டார் ஒருவர் ஒரு பாடல்பெற்ற தலத்தை நேரிற்கண்டு அச்சிட்ட முற்பட்ட கட்டுரைகளுள் அஃது ஒன்றாகும்.

இலங்கைப் போர் முடிந்து மீண்ட 1796ஆம் ஆண்டளவில் மெக்கன்சிக்குக் கிடைத்த துணையே அவர் வாழ்வின் பெருந்திருப்பம். ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கட போரையா என்னும் இளம் அந்தணர் அவர்க்கு மொழிபெயர்ப்பாளராக வந்தமைந்தார். அப்பொழுது போரையாவுக்கு இருபது வயதுதான். மெக்கன்சிக்கு இந்நாட்டு மொழி எதுவும் தெரியாது. அதனை அவர் ஒளிக்கவும் இல்லை. இந்திய அறிவு என்னும் மாளிகையின் வாயிலைத் தமக்குத் திறந்தவர் இவ்விளைஞரே என்று தம் கடிதத்தில் மனமுவந்து ஒப்புக்கொண்டார். ஊரூராகச் சென்று கோயிற் குருக்கள், கர்ணம், மடத்துத் தம்பிரான், முதியோர் ஆகியோரைக் கண்டு பேசி, தலபுராணம், வமிசாவளி, செப்பேடு, கல்வெட்டு ஆகியவற்றைப் படியெடுக்கும் முறையை வகுத்தவர் போரையா. ஊரின் வரலாற்றை ஊராரே சொல்ல எழுதிக்கொள்ளும் அவ்வாசகங்கள் 'கைபீது' எனப்பட்டன. போரையா 1803இல், இருபத்தேழு வயது நிரம்புமுன்னரே காலமானார். தம்பி லட்சுமையா அப்பொறுப்பை ஏற்றார். மற்றொரு தம்பி இராமசாமி தக்காணத்துப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1829இல் கல்கத்தாவில் வெளியிட்டார். மெக்கன்சியின் குடிவரலாற்றை எழுதுவோர் காவலி குடும்பத்தையும் சேர்த்தே எழுதவேண்டும். இரண்டையும் பிரித்தால் பாதி வரலாறே கிடைக்கும்.

1799இல் இறுதி மைசூர்ப் போர் மூண்டது. பின்னாளில் வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் சென்ற நிசாமின் படைப்பிரிவில் மெக்கன்சி பொறியாளராயிருந்தார். மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் மாண்டார். வென்ற நாட்டை அளக்கும் பணி மெக்கன்சியிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1800 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடந்த அம்மைசூர் அளவை 40,000 சதுரமைல் பரப்பைத் தழுவியது. அரசுக்கு வேண்டியவை எல்லையும் வருவாயும் வழியும் மட்டுமே. கோயிலும் கல்வெட்டும் அதன் கணக்கில் இல்லை. செலவைக் குறைக்க விரும்பிய மேலிடம், அளவைக்குத் தந்த ஆட்களையும் பொருளையும் சுருக்கியது. ஆகவே சுவடி தேடுவார்க்கும் படியெழுதுவார்க்கும் மெக்கன்சி தம் சம்பளத்திலிருந்தே கொடுத்து வந்தார். ஊரார் முதலில் எளிதில் இணங்கினாரல்லர். மானியப் பட்டயத்தைக் காட்டினால் வரி விழுமோ, நிலம் போகுமோ என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. அளக்க வந்தவனும் கேட்க வந்தவனும் ஒரே அரசின் ஆட்கள் என்னும்போது, அவ்வச்சம் பொருந்தாதது என்று யாரும் சொல்லமுடியாது.

தமிழ்நாட்டுப் பகுதிக்கு லட்சுமையாவும் பிறரும் அனுப்பப்பட்டனர். 1803இல் லட்சுமையா மாமல்லபுரத்தைக் கண்டெழுதிய குறிப்பு, 1869இல் கார் என்பார் பதிப்பித்த மாமல்லபுரக் கட்டுரைத் தொகுதியில் இடம்பெற்றது. தொண்டைமண்டலம், சோழமண்டலம், பாண்டிமண்டலம், கொங்குமண்டலம் என நான்கிடத்தும் கோயில் வரலாறுகளும் பாளையப்பட்டு வமிசாவளிகளும் திரட்டப்பெற்றன. கொங்குதேச ராஜாக்கள் என்னும் உரைநடை வரலாறு அவ்வாறு காக்கப்பெற்றவற்றுள் ஒன்று. அதன் ஆண்டுக் கணக்குகளில் பிழை மலிந்துள்ளது. மன்னர் பெயர்களும் முன்பின்னாக மயங்கியுள்ளன. கைபீதுகளில் கண்டதை எல்லாம் அப்படியே வரலாறாகக் கொள்பவர் இடறுவர். பழைய எழுத்துக்களை வாசிக்கும் பயிற்சி அக்காலத்தில் அரிதாயிருந்தமையால், கல்வெட்டுப் படிகளிலும் சிதைவுகள் உண்டு. இக்குறைகளை மறைப்பதால் பயனில்லை. ஆனால் மூலக்கல்லே இன்று இல்லாத இடத்தில், சிதைந்த படியும் செல்வமே.

அமராவதியில் நேர்ந்ததைச் சைவர்கள் கூச்சமின்றிப் படித்தறிதல் வேண்டும். வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு என்னும் ஜமீன்தார் பெரிய சிவபத்தர். அவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமரலிங்கேசுவரர் திருத்தலத்தைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, கோயிலைப் புதுக்கி ஊரையும் விரித்தார். கட்டடக் கல்லுக்காக அருகிலிருந்த மேட்டைத் தோண்டியபோது, அழகிய சிற்பங்கள் செறிந்த வெண்கற் பலகைகள் வெளிப்பட்டன. அம்மேடு தொன்மையான பௌத்தத் தூபி. 1798இல் செய்தியறிந்த மெக்கன்சி நேரிற் சென்று கண்டார். 1816இல் மீண்டும் சென்றபோது, மேட்டின் நடுப்பகுதி குளமாக வெட்டப்பட்டிருந்தது. பலகைகள் பல கட்டடங்களிலும் படிகளிலும் கலந்துபோயின; சுண்ணாம்பாக நீற்றப்பட்டனவும் உண்டு. எஞ்சியவற்றை மெக்கன்சி ஓவியர்களைக் கொண்டு அளவு பிசகாமல் வரைவித்தார். அப்படங்களில் உள்ள கற்கள் சில இன்று எங்குமில்லை, படமே சான்று. திருப்பணிச் சிறப்பில் ஜமீன்தாருக்குக் குறைவில்லை. எனினும் பிற சமயத்தார் பல நூற்றாண்டு போற்றிய பணியை வெறுங்கல்லாக எண்ணியது அறியாமை என்றே சொல்லவேண்டும்.

1811இல், மிண்டோ பிரபுவின் படையெடுப்புடன் மெக்கன்சி சாவகத்திற்குச் சென்றார். அங்கும் முதலிற் போர், பின்னர் ஆராய்ச்சி. 1812 தொடக்கத்தில் பிரம்பானன் என்னுமிடத்திற்குச் சென்று, மரமும் செடியும் மூடிய கோயிற் குவியல்களை அளந்தெழுதினார். 9ஆம் நூற்றாண்டில் எழுந்த அத்தலத்தின் நடுநாயகம் சிவாலயமே. கிழக்கு நோக்கிய கருவறையில் மகாதேவர், தெற்கறையில் அகத்தியர், மேற்கில் விநாயகர், வடக்கில் மகிடாசுரமர்த்தினி. தமிழ்நாட்டுக் கோட்டங்களிலும் வடக்கில் துர்க்கையே. ஆலமர்செல்வன் இருக்கவேண்டிய தெற்கில் அங்குக் குருமூர்த்தமாக அகத்தியர் எழுந்தருளியிருப்பது, தமிழ் முனிவரைப் போற்றுவார் உள்ளத்தைக் குளிர்விப்பதாகும். துர்க்கையின் திருவுருவை அவ்வூரார், சாபத்தாற் கல்லான அரசகுமாரி என்று கதைசொல்லி வந்தனர். இடிந்துகிடந்த அச்சிவாலயம் 1953இல் மீண்டும் நிமிர்ந்தது.

அதே ஆண்டு நடந்த மற்றொன்றையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 1812 ஜூன் திங்களில் ஆங்கிலப்படை யோக்கியகர்த்தா அரண்மனையைத் தாக்கிச் சூறையாடியது. அரண்மனைச் சுவடிகள் அள்ளிச் செல்லப்பட்டு, ராபிள்ஸ், கிராபர்டு, மெக்கன்சி என்னும் மூவர் திரட்டுக்களிற் சேர்ந்தன. தமிழ்நாட்டில் பொருள் கொடுத்தும் பணிந்து கேட்டும் பெற்றவர் கைக்கு, அங்கே வாள்முனையில் வந்த ஏடுகளும் சேர்ந்தன. அச்சுவடிகளுள் 75இன் மின்படிகளை 2019இல் பிரிட்டிஷார் யோக்கியகர்த்தா சுல்தானிடம் அளித்தனர். மூலங்கள் இலண்டனிலேயே உள்ளன.

சாவகத்திலிருந்தபோதே 1812இல், ஒல்லாந்தர் குடியைச் சேர்ந்த பெத்ரொனெல்லா பார்ட்டெல்ஸ் என்னும் மங்கையை மெக்கன்சி மணந்தார். அப்போது அவர் வயது ஐம்பத்தெட்டு. 1815இல் இந்தியா முழுமைக்கும் அளவைத்துறைத் தலைவராக நியமிக்கப்பட்டார். அப்பதவியை முதன்முதல் வகித்தவர் அவரே. எனினும் இரண்டாண்டு சென்னையிலேயே தங்கிச் சுவடிப்பணியை ஒழுங்குசெய்தார். 1816இல் தாமஸ் ஹிக்கி வரைந்த ஓவியத்தில், செந்நிறப் படையுடையில் நிற்கும் மெக்கன்சியைச் சூழ்ந்து இந்நாட்டார் மூவர் நிற்கின்றனர். அவருள் ஒருவர் கையில் ஓலைச்சுவடி; அவர் தருமையா என்னும் சைனப் புலவர். ஒருவர் கையில் தொலைநோக்கி. பின்னணியில் உயர்ந்து நிற்பது கோமடேசுவரர் திருவுருவம். தலைவர் தம்மை மட்டும் எழுதச்செய்யும் காலத்தில், துணைவரையும் உடன் நிறுத்தி எழுதுவித்தது அவர் பண்பைக் காட்டுகின்றது.

கல்கத்தாவுக்கு மாறிய பின் உடல்நலம் குன்றியது. 1821ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் மெக்கன்சி காலமானார். பார்க்குத் தெருக் கல்லறையில் அடக்கம் பெற்றார். திரட்டியவற்றைத் தாமே வகைப்படுத்தி அச்சிடும் எண்ணம் நிறைவேறவில்லை. அவர் செலவிட்ட சொந்தப் பொருள் 15,000 பவுனுக்குக் குறையாது என்று ஜான்ஸ்டன் கூறினார். கும்பினியார் அவர் மனைவியாருக்கு 10,000 பவுன் தந்து திரட்டை வாங்கிக்கொண்டனர். எச். எச். வில்சன் 1828இல் வெளியிட்ட விளக்க அட்டவணையால் அதன் பரப்பு உலகிற்குத் தெரிந்தது: இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புகள் 2,159, வரைபடங்கள் 79, ஓவியங்கள் 2,630, நாணயங்கள் 6,218, திருவுருவங்களும் பிற பழம்பொருள்களும் 146.

தலைவரை இழந்த லட்சுமையா சென்னைக்கு மீண்டு, தாமே அப்பணியைத் தொடர இசைவு தரும்படி அரசுக்கு விண்ணப்பித்தார். கருத்துக் கேட்கப்பெற்ற கல்கத்தா ஆசியவியற் சங்கத்தார், உதவியாளராக இருக்கலாமேயன்றி ஆராய்ச்சியைத் தலைமைதாங்கி நடத்தும் தகுதி அவருக்கு இல்லை என்னும் கருத்தினராயினர். இருபதாண்டிற்கு மேல் ஊரூராக அலைந்து, யாவரும் எண்ணிப் பாராட்டும் அத்திரட்டைக் குவித்தவரைக் குறித்து இங்ஙனம் கூறியது அநீதியே. வேலை வில்லியம் டெய்லர் என்னும் பாதிரியார்க்குச் சென்றது. அவர் உழைப்பையும் குறைத்துக் கூறுதல் ஆகாது: சென்னைக்குத் திருப்பியனுப்பப்பட்டு, பூச்சியரித்தும் மை மங்கியும் கிடந்த ஏடுகளைப் புதுத்தாளில் படியெடுத்துத் தொகுதிகளாகக் கட்டுவித்தவர் அவர்.

1869இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் தோன்றியபோது, அதன் அடிப்படைத் திரட்டுக்களுள் மெக்கன்சியினுடையதும் ஒன்றாயிற்று. அங்கிருந்த கல்வெட்டுப் படிகளைக் கொண்டு, தி. நா. சுப்பிரமணியன் பதிப்பித்த 'தென்னிந்தியக் கோயிற் சாசனங்கள்' 1953 முதல் 1957 வரை தொகுதிகளாக வெளிவந்தது. கைபீதுகளின் சுருக்கங்களை டி. வி. மகாலிங்கம் 1970களில் சென்னைப் பல்கலைக்கழக வாயிலாக வெளியிட்டார். தம் ஊர்க்கோயிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டியவை இவை.

மெக்கன்சி பிறந்த லூயிஸ் தீவில், கடலோரத்து ஐக்னிஷ் இடுகாட்டில், அவர் பெயரால் ஒரு நினைவு மண்டபம் உள்ளது. 2017இல் ஸ்டோர்னோவே காட்சிசாலையில் அவர் திரட்டிய பொருள்களைப் பரப்பிவைத்து ஊரார்க்குக் காட்டினர். ஹிக்கி வரைந்த ஓவியமும் அங்கே கொண்டுவரப்பட்டது. ஓலைச்சுவடி ஏந்திய தருமையாவும் அவ்வழியாக அத்தீவிற்குப் போய் வந்தார்.